நாய்ப் பிலிமில் ஒரு தம்பதி

பாலேந்திரா எதையும் நம்பாத மனிதர் என்பதை லண்டனில் மோர்டனில் இருந்து வால்தம்ஸ்டோ வரை எல்லாரும் நம்பினார்கள். கலியாணவீடோ, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டியோ, எந்தக் கூட்டத்திலும் அவரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். நடுவில் அவர் இராகு காலத்தைக் கிழித்துக்கொண்டிருப்பார். கோயிலுக்குள் போகமாட்டார். தேர்த் திருவிழாவுக்கு மட்டும் வெளிவீதி வரை போய், அங்கே விற்கும் வடையைச் சாப்பிட்டுவிட்டு, வடைக்கும் கடவுளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று விளக்கிவிட்டு வருவார். சாதகம் பார்க்காமல் கலியாணம் கட்டியவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். அவருக்குத் தெரியாமல் இரண்டு வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார்கள் என்பது அவருடைய மனைவி வத்சலாவுக்குத் தெரியும். அவள் சொன்னதில்லை.

ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போட் கைக்கு வந்ததும், ஜெர்மன்காரனாக லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். ஸ்ட்ரெதம் பெரிய தெருவில் ஒரு சின்னக் கடை: சப்பாத்துக்கு அடித்தோல் போடுவார், சாவி வெட்டுவார். ஜெர்மனியில் இருந்து கொண்டுவந்த பொருட்களில் அவர் வாஞ்சையோடு தொடுவது ஒன்றைத்தான். அது ஒரு பழைய மரக் கமரா. ஆர்மோனியம் போல விரிந்து சுருங்கும். தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பின்னால் நிற்கவேண்டும். அதற்குள் போடும் பிலிம் சுருள் அல்ல, கொப்பித் தாள் அளவில் ஒற்றைத் தாள். அந்தத் தாளின் விலை வத்சலாவுக்குத் தெரிந்தால் வீட்டில் கமரா இருக்கும், அவர் இருக்கமாட்டார். ஆகையால் கமரா நெடுங்காலம் அலுமாரிக்கு மேலே சும்மா இருந்தது.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் அதற்கு விமோசனம் வந்தது. கடைக்குச் சப்பாத்துக் கொடுக்க வரும் மிருக வைத்தியர் ஒருவர், தன் கிளினிக்கில் எக்ஸ்ரே எல்லாம் கொம்பியூட்டருக்கு மாறிவிட்டதென்றும், மிஞ்சிய பிலிம் பெட்டிகளை எறியப்போவதாகவும் பேச்சுவாக்கில் சொன்னார். நாய்களின் முறிந்த கால்களையும் பூனைகள் விழுங்கிய ஊசிகளையும் பார்க்க வைத்திருந்த பிலிம். அளவு கமராவுக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. பாலேந்திரா அன்றைக்கு அவருடைய சப்பாத்துக்கு இரண்டு முறை பொலிஷ் போட்டார்.

எக்ஸ்ரே பிலிமுக்கு வேறு குணங்கள் உண்டு. இரண்டு பக்கமும் பூச்சு. நகம் பட்டாலே கீறும். அது நீல வெளிச்சத்தை மட்டும்தான் காணும். சிவப்பு அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே கழுவலாம். வத்சலாவின் சாமித் தட்டில் எரிந்துகொண்டிருந்த குட்டிச் சிவப்பு பல்ப்பை அவர் குளியலறைக்குக் கொண்டுபோனபோது, "சாமியை இருட்டிலை விட்டிட்டுப் போறியளோ?" என்று அவள் கேட்டாள்.

"கடவுளுக்குக் கண் தெரியுமெண்டால் வெளிச்சம் எதுக்கு?" என்றார். அன்று முழுக்க அந்தப் பதில் அவருக்கு இனித்தது.

தோட்டத்துத் தக்காளி, மிளகாய், தபால் பெட்டி என்று சிவந்ததையெல்லாம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் கரிக்கட்டையாக வந்தன. அதோடு சோதனை முடிந்தது என்று நினைத்தார். நீலம் எப்படி வரும் என்று அவர் பார்க்கவில்லை. வேறு எந்த ஊரிலாவது எடுத்திருந்தால், நீல வானம் வெள்ளையாக வந்திருப்பதைக் கண்டு யோசித்திருப்பார். லண்டன் வானம் வெளியிலும் வெள்ளை, படத்திலும் வெள்ளை. யோசிக்க என்ன இருக்கிறது?

அவருடைய அண்ணன் சண்முகராசா மோர்டனில் மளிகைக் கடை வைத்திருந்தார். தம்பியை விட எட்டு வயது மூத்தவர். நெஞ்சில் மூன்று குழாய் அடைபட்டு, திறந்து ஒப்பரேசன் செய்யவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த நாளைப் பற்றிப் பேசத்தான் ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லாரும் அண்ணன் வீட்டில் கூடியிருந்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை. அதிலையும் அட்டமி," என்றார் அண்ணனின் மனைவி சுசிலா. "நாளை மாத்தித் தரச் சொல்லிக் கேட்டால் என்ன?"

"கேளுங்கோ மச்சாள்," என்றார் பாலேந்திரா. "அட்டமி எண்டால் என்னெண்டு அந்த டொக்டருக்கு விளங்கப்படுத்த நானும் வாறன். தேய்பிறையிலை கத்தி வெட்டாதோ? வளர்பிறையிலை கூட வெட்டிப்போடுமோ? இதயம் ஒரு பம்ப். பைப் அடைச்சால் பிளம்பர் வருவான். பிளம்பருக்கு நாங்கள் நாள் பாக்கிறனாங்களோ?"

"பிளம்பர் வாறதே பெரிய காரியம். அவன்தான் எங்களுக்கு நாள் பாக்கிறவன்," என்றார் அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். பாலேந்திரா விடவில்லை. இறால் குழம்பு ஆறும்வரை பேசினார்; பயம் என்பது அறியாமை என்றார், படித்த சனம் லண்டனுக்கு வந்தும் பல்லி சொல்லுக்குக் காது கொடுக்கிறதே என்றார். கடைசியில் அண்ணன் கதையை மாற்றினார்.

"டேய் பாலா, உன்ரை பெட்டியாலை எங்கள் ரெண்டு பேரையும் ஒரு படம் எடன். போன மாதம் தவராசா மோசம் போனதுக்கு அடிச்ச மரண நோட்டீசைப் பாத்தனியே? ஆரின்ரையோ கலியாணப் படத்திலை இருந்து வெட்டி எடுத்தது. அவன்ரை தோளிலை ஆரின்ரையோ கை, மோதிரத்தோடை."

"உங்கடை வாயிலை ஒரு நல்ல சொல் வராதோ?" என்று சுசிலா சீறினார்.

"சரியப்பா. ஹோலிலை மாட்ட."

பாலேந்திராவுக்கு உச்சி குளிர்ந்தது. உடனே பிலிமின் குணங்களை ஒரு விரிவுரையாக நடத்தினார். அதன் சாரம்: மச்சாள் சிவப்பு மட்டும் உடுத்தக்கூடாது, உடுத்தால் கன்னங்கறுப்பாக வரும். கறுப்புச் சேலையில் மச்சாளை ஹோலில் மாட்டினால் சனம் கதைக்கும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. நம்பாதவருக்கும் சனத்தைத் தெரியும்.

அடுத்த ஞாயிறு கமராவோடு போனபோது சுசிலா தயாராக நின்றார். அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு, மைத்துனரின் சொல்லைக் கேட்டுத் திரும்ப உள்ளே வைத்தவர், வெளிர் நீலத்தில் வெள்ளிக் கரை போட்ட பட்டு உடுத்தியிருந்தார். தலையில் வைக்கச் சிவப்பு ரோசா வேண்டாம் என்று, மகன் யனுஷனை அனுப்பிச் செம்மஞ்சள் கனகாம்பரம் வாங்கி வைத்திருந்தார்.

"பொட்டும் சிவப்பல்லோ தம்பி? அதை என்ன செய்யிறது?"

"அது எப்பன் புள்ளிதானே மச்சாள். கறுப்பா வந்தாலும் பொட்டு பொட்டுத்தான்," என்று பாலேந்திரா பெருந்தன்மையோடு விதிவிலக்குக் கொடுத்தார்.

பின்வளவில் இரண்டு கதிரை போட்டு இருத்தினார். துணிக்குள் தலையை விட்டார். கமராவின் பின்பக்கக் கண்ணாடியில் இருவரும் தலைகீழாகத் தெரிந்தார்கள். நீலச் சேலை, குங்குமம், தாலிக்கொடி எல்லாம் அதனதன் நிறத்தில். கண்ணாடி காண்பதைப் பிலிம் காணாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், கண்ணாடியை நம்பினார்.

"அசையப்படாது. மூச்சைப் பிடியுங்கோ."

"அதைத்தான் அடுத்த கிழமை செவ்வாய் செய்யப் போறாங்களடா," என்றார் அண்ணன்.

புதன்கிழமை கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து, குளியலறை யன்னலில் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டி, சாமியின் விளக்கைப் போட்டுக்கொண்டு பிலிமைக் கழுவினார். கீறல் விழாமல் தட்டின் அடியில் கண்ணாடித் துண்டு வைத்திருந்தார். ஒரு கீறல் இல்லை. நெகற்றிவில் சேலை அடர்ந்த கறுப்பாக நின்றதைப் பார்த்து, வெளிச்சம் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது என்று மகிழ்ந்தார். காய்ந்த பிறகு அதைப் படக் கடதாசியில் வைத்து, வெளிச்சம் காட்டி, கடதாசியை மருந்துத் தட்டில் விட்டார்.

முதலில் அண்ணனின் வேட்டி வந்தது. பிறகு கதிரை. பிறகு அண்ணனின் முகம், நல்ல தெளிவாக, ஒவ்வொரு மயிரும் எண்ணலாம் போல. பிறகு மச்சாள் வந்தார்.

வெள்ளைச் சேலையில் வந்தார்.

பாலேந்திரா தட்டை ஆட்டுவதை நிறுத்தினார். நீலம் முழுக்க வெளுத்து, வெள்ளிக் கரையும் அதோடு கலந்து, ஒரு கறையும் இல்லாத வெள்ளை. நீலத்தை மட்டும் காணும் பிலிம் நீலத்தைக் கண்டு கண் கூசியிருந்தது. மற்றதெல்லாம் அதன் கண்ணில் படவில்லை. முகம் கறுத்து, அந்தக் கறுப்பில் குங்குமம் கரைந்து, நெற்றி வெறும் நெற்றியாக இருந்தது. கனகாம்பரம் தலைமயிருக்குள் மறைந்துவிட்டது. தாலிக்கொடி, மந்திரித்துக் கட்டிய கறுப்பு நூல் போலக் கழுத்தில் கிடந்தது. ஒரு சுமங்கலியிடம் இருந்து எதையெல்லாம் எடுப்பார்களோ, அதையெல்லாம் ஒரு நாய்ப் பிலிம் ஒரே மூச்சில் எடுத்துவிட்டிருந்தது. பக்கத்தில் அண்ணன் உயிரோடு, சிரித்துக்கொண்டு இருந்தார். மாட்டிவைத்த படத்துக்குப் பக்கத்தில் அவருடைய விதவை வந்து இருந்ததுபோல.

இது நீல ஒளியின் காரியம் என்று பாலேந்திரா தனக்குச் சொன்னார். சிவப்பு வேண்டாம் என்று சொன்னது நான்தான், அதனால் நீலம் வந்தது, அவ்வளவுதான். பிசகில்லாத விளக்கம். சொல்லி முடித்த பிறகும் பயம் போகவில்லை. பிழை விட்டதற்குப் பயந்தால் பரவாயில்லை. அவர் அண்ணனுக்காகப் பயந்தார். இருபது வருடமாக மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த அந்தப் பயம், தன்னுடைய வயிற்றில் இவ்வளவு நாளும் வாடகை இல்லாமல் குடியிருந்திருக்கிறது என்பதைக் குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று கண்டுகொண்டார். வெட்கமாக இருந்தது. அங்கே ஒருவரும் இல்லை. இருந்தும் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

படத்தை அழித்துவிடலாம். ஆனால் எப்படி? கிழிக்கப் போனார், கிழியும் கோடு அண்ணனின் நெஞ்சுக்குக் குறுக்கே வந்தது. கையை எடுத்துவிட்டார். எரிக்கலாமா என்று நினைத்த மாத்திரத்தில் அந்த நினைப்பையே உதறினார். குப்பையில் போட மனம் வரவில்லை. வெட்டி மச்சாளை மட்டும் தனியாக்கலாம் என்றால், அது இதைவிட மோசம். விஞ்ஞானம் தெரிந்த மனிதருக்கு ஒரு கடதாசியை ஒழிக்க வழி தெரியவில்லை. படத்தையும் நெகற்றிவையும் ஒரு மட்டைக்குள் வைத்து, காரின் டிக்கியில், மேலதிக டயர்ச் சில்லுக்கு மேல் வைத்தார். அன்றிலிருந்து மேடு பள்ளத்தில் மெதுவாக ஓட்டினார்.

அண்ணன் போன் எடுத்தார். "படம் என்னமாதிரி?"

"அது பழுதாப் போச்சு அண்ணை. பழைய பிலிம்தானே."

"நான் அப்பவே நினைச்சனான், நாய் எண்டால் குரைக்கும், படம் எடுக்குமே எண்டு. வேறை ஒண்டு எடன்? போறதுக்கு முதல்."

"கமராவிலை சின்னப் பிரச்சினை."

"பரவாயில்லை. வந்து எடுப்பம்," என்றார் அண்ணன். "வந்து" என்ற சொல்லைப் பாலேந்திரா போனை வைத்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். திங்கட்கிழமை காலை பாலேந்திரா கடை திறக்கவில்லை. சாமான் எடுக்கப் போகிறேன் என்று வத்சலாவிடம் சொல்லிவிட்டு, ஆற்றைக் கடந்து, தெரிந்த முகம் ஒன்றும் வராது என்று நினைத்து, கிழக்கு லண்டனில் ஒரு பழைய மண்டபத்துக்குள் இருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போனார். சப்பாத்துக்காரர் தன் சப்பாத்தைக் கழற்றி மூலையில் ஒளித்து வைத்தார். அருச்சனைத் தட்டை எந்தக் கையால் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐயர் வந்தார். "பேர்?"

"சண்முகராசா."

"நட்சத்திரம்?"

பாலேந்திரா விழித்தார். கூடப் பிறந்த அண்ணனின் நட்சத்திரம் தெரியாது. தெரிந்துகொள்ள மறுத்ததைப் பெருமையாகப் பேசியவர். ஐயர் இன்னொரு முறை கேட்டார். பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள்.

"உத்தரட்டாதி. மீன ராசி," என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் சொன்னது.

திரும்பாமலே தெரிந்தது. லண்டனில் உள்ள பிள்ளையார் ஒருவரையும் விடுவதில்லை என்று சுசிலா விடியலில் மோர்டனில் புறப்பட்டிருந்தார். இது அவருடைய கடைசிப் பிள்ளையார். கார் ஓட்டிக்கொண்டு வந்த யனுஷன் வாயைப் பிளந்து நின்றான்.

"சித்தப்பா, சீரியஸ்லி?" என்றான்.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த அருச்சனை முடியும்வரை பாலேந்திராவுக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. பக்தி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். விபூதி வந்தபோது நெற்றியைக் காட்டினார். அதையும் மறுத்தால் இன்னும் கேவலமாகிவிடும்.

சப்பாத்து வைக்கும் இடத்தில் சுசிலா மறித்தார். "பிளம்பர் எண்டீர். இப்ப பிளம்பருக்கு அருச்சனையோ?"

"சும்மா வந்தனான் மச்சாள்."

"சும்மா வாற ஆளோ நீர்? டொக்டர் உமக்குத் தனிய ஏதும் சொன்னவரோ? எனக்கு ஒளிக்கிறீர். சொல்லும் தம்பி." அவருடைய குரல் உடையத் தொடங்கியது.

அப்போதுதான் பாலேந்திராவுக்கு விளங்கியது: சொல்லாவிட்டால் இந்த மனுசி இதைவிடப் பெரியதை நினைத்துக்கொள்ளும். காரடிக்குக் கூட்டிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தார். மட்டையைக் கொடுத்துவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். படம் பழுதாகவில்லை, கமராவிலும் பிரச்சினை இல்லை, பொய் சொன்னேன் என்று தெருவுக்குச் சொன்னார்.

சுசிலா வெகு நேரம் பார்த்தார்.

"நான் இவ்வளவு கறுப்போ?" என்றார்.

"அது பிலிம் மச்சாள்."

"அவர் மட்டும் வெள்ளையா இருக்கிறார்?"

"அண்ணை உங்களை விட எப்பன் நிறம்தானே..." என்று தொடங்கி, பாலேந்திரா நிறுத்திக்கொண்டார்.

சுசிலா படத்தைத் திருப்பித் தரவில்லை. வெள்ளைச் சேலையை அவர் காணாமல் இல்லை. விரலால் நெற்றியைத் தடவிப் பார்த்தார், படத்தின் நெற்றியை, பிறகு தன்னுடையதை. விரல் நுனியில் குங்குமம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இதை அவருக்குக் காட்டவேணும். ஏறும் காரிலை," என்றார்.

"மச்சாள், விசர்க்கதை கதையாதேங்கோ. நாளைக்கு ஒப்பரேசன்."

"அவர் கேட்ட படம். உமக்கும் எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது எண்டால், அது என்ன நியாயம்?"

வார்டில் சண்முகராசா நீலக் கோடு போட்ட ஆஸ்பத்திரிச் சட்டையோடு யன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தார். தம்பியைக் கண்டதும் எழும்பி இருந்தார். "உதென்னடா நெத்தியிலை? சுவருக்குப் பெயின்ற் அடிச்சனியோ?"

பாலேந்திராவின் கை நெற்றிக்குப் போய், பாதியில் நின்றது. அழிப்பதா விடுவதா என்று தெரியவில்லை.

சுசிலா படத்தைக் கட்டிலில் வைத்தார். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு கட்டிலுக்கு அப்பால் யாரோ இருமினார்கள். பாலேந்திரா தரையில் இருந்த கோடுகளைப் பார்த்தார்.

"உனக்கு வெள்ளை நல்ல வடிவா இருக்குது," என்றார் அண்ணன்.

சுசிலா அவருடைய தோளில் ஒன்று போட்டார். பிறகு இருவரும் சிரித்தார்கள். நேர்ஸ் வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். சுசிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று யனுஷனையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். துடைத்தது சிரிப்பின் கண்ணீர்தான் என்று பாலேந்திரா நினைக்க விரும்பினார்.

அண்ணன் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உதைக் கண்டு பயந்துதான் கோயிலுக்குப் போனனியோ?"

"ஓம்."

"எப்ப தொட்டு?"

"புதன்கிழமை தொட்டு."

"நான் அவங்கள் நாள் தந்த அண்டு தொட்டுப் பயப்படுறன்," என்றார் சண்முகராசா. "சுசிலாவுக்குச் சொல்ல ஏலாது, அவள் உடைஞ்சு போவாள். உனக்குச் சொல்லுவம் எண்டு அண்டைக்குச் சோத்துக்கு வரச் சொன்னனான். நீ பயம் எண்டால் அறியாமை எண்டாய். இறால் குழம்பு ஆறுமட்டும் சொன்னாய்." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "பேந்து என்னத்தைச் சொல்லுறது? படம் எடன் எண்டு சொன்னன்."

பாலேந்திரா கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தார். அண்ணனின் கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. அவர்கள் வீட்டில் ஆம்பிளைகள் கை பிடிப்பதில்லை. படத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். மற்ற மூலை அண்ணனின் கையில் இருந்தது.

"இப்ப சொல்லுங்கோ அண்ணை," என்றார்.

"இப்பவோ?" என்று கேட்டுவிட்டு, அண்ணன் சொல்லத் தொடங்கினார். மயக்க மருந்தில் இருந்து எழும்பாவிட்டால் என்ன என்பதில் தொடங்கினார். கடையில் குளிர்பெட்டி பழுது, அது ஒருவருக்கும் தெரியாது என்பது வரை போனார். பாலேந்திரா இடையில் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அது புதிய அனுபவம். காது இரண்டும் சுட்டன. ஒவ்வொரு சொல்லும், இதை நான் அன்றைக்கே கேட்டிருக்கலாம் என்று அவரைக் குத்தியது. குத்தட்டும் என்று இருந்தார்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. செவ்வாய்க்கிழமை, அட்டமியில். பாலேந்திராவின் கட்சி வென்றது என்று கலியாணவீடுகளில் நாலு பேர் அவரைத் தேடி வந்தார்கள். அவர் வடையைப் பிய்த்துக்கொண்டே, உங்களுக்கு வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டார்.